கைராசிக்காரனும் இருபது நிமிஷ ஜெனரேட்டரும்

ஜெனரேட்டர் மெக்கானிக் என்று ஒருவன் உலகத்தில் இருப்பதே கரண்ட் போன பிறகுதான் ஜனங்களுக்கு ஞாபகம் வரும். அதற்கப்புறம் அவன் சாப்பிடுகிறானா, குளிக்கிறானா, மாமனார் வீட்டு விசேஷத்தில் பந்தியில் உட்கார்ந்திருக்கிறானா என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. "எங்கே இருக்கீங்க?" என்ற ஒரே கேள்விதான். மிக்ஸி, மோட்டார், பிரிட்ஜ், பம்ப்செட் என்று எதையாவது பழுது பார்த்துப் பிழைக்கிற என் சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

என் பெயர் பழனிச்சாமி. மைசூரில் பன்னிமண்டபம் பக்கம் சின்னதாக ஒரு ஒர்க்‌ஷாப். ஊரில் எனக்குக் 'கைராசிக்காரர்' என்று ஒரு பட்டம் உண்டு. யார் கொடுத்தது என்று ஞாபகமில்லை, அநேகமாக நானேதான். மற்றவர்கள் நாள் முழுக்கக் கயிறு இழுத்தும் கிளம்பாத ஜெனரேட்டர், நான் போய்த் தொட்டதும் கிளம்பிவிடும் என்று ஒரு பேச்சு. அந்தப் பேச்சை நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

இதில் வருகிற கேரவன் வண்டி வேதவல்லி மேடத்துடையது. மேடம் காலேஜில் பிசிக்ஸ் லெக்சரராக இருந்து ரிடையர் ஆனவர். ரிடையர் ஆனதும் எல்லாரும் கோயில் குளம் என்று போவார்கள். மேடம் கேரவன் வாங்கினார். உள்ளே இரண்டு கட்டில், அடுப்பு, பிரிட்ஜ், பாத்ரூம், ஏசி எல்லாம் உண்டு. சுற்றுலாவுக்கும் கல்யாணத்துக்கும் வாடகைக்கு விடுவார். வண்டி நிற்கிற இடத்தில் இதற்கெல்லாம் கரண்ட் கொடுக்க, பின்பக்கத்துப் பெட்டிக்குள் ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர். அதன் தலையிலேயே அதற்கான டேங்க். டிரைவர் மாதேஷ், மாதேஸ்வரன் மலைப் பக்கத்து ராமாபுரத்துக்காரர். நாற்பது வயது, இரண்டு பெண் குழந்தைகளுக்கு அப்பா. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற ரகம். எங்கள் மூன்று பேரையும் அந்த ஜெனரேட்டர் ஆட்டிவைத்த கதைதான் இது.

அரைத்த சந்தனம்

மைசூரில் ஆயுத பூஜை என்றால் சும்மா இல்லை. சைக்கிள் பம்புக்குக்கூடப் பொட்டு உண்டு. மேடம் வீட்டில் கேரவனைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, மாப்பிள்ளை மாதிரி நிறுத்தியிருந்தார்கள். பொட்டு வைக்க மட்டும் வேறு யாரையும் விடமாட்டார்கள். கைராசிக்காரரைத்தான் கூப்பிடுவார்கள். நானும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனேன். மாதேஷ் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார்.

மேடம் கடையில் வாங்கிய சந்தனப் பொடியை வாசல்படி ஏற்றமாட்டார். கல்லில் அரைத்த சந்தனம், வெள்ளிக் கிண்ணத்தில் வந்தது. நான் பானெட்டுக்கு வைத்தேன், ஸ்டியரிங்குக்கு வைத்தேன், அடுப்புக்கு, கண்ணாடிக்கு, பாத்ரூம் கதவுக்கு வைத்தேன். ஜெனரேட்டருக்கு நெற்றி எது என்று ஒரு நிமிஷம் யோசித்து, உச்சியில் வட்டமாக, நடுநாயகமாக இருந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து, சந்தனத்தை அப்பி, மேலே குங்குமம் வைத்தேன். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. பின்னாலிருந்து எட்டிப் பார்த்த மேடம் சொன்னார்: "பழனி, நன்னா அழுத்தி வையுங்கோ. போன வருஷம் மூணே நாள்ல உதிர்ந்து போயிடுத்து. இந்தத் தடவை சந்தனத்துல கொஞ்சம் கோந்து கலந்திருக்கேன்!"

ஆற்றங்கரையில் நான்கு தோசை

தசரா முடிந்து ஒரு வாரம் இருக்கும். பெங்களூரிலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பம் கேரவனை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஆற்றங்கரையில் நிறுத்தியிருந்தது. மாதேஷ் போன் செய்தார். "ண்ணா, ஜெனரேட்டரு ஓடுச்சுங். இருவது நிமிசத்துல மூச்சு வாங்குற மாதிரி இழுத்து இழுத்து நின்னுபோச்சுங்." நான் எல்லாருக்கும் சொல்கிற முதல் பாடத்தைச் சொன்னேன்: டேங்க் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா பார். பார்த்தார். முக்கால்வாசிக்கு மேல் இருந்தது. மூடிவிட்டுக் கயிற்றை இழுத்தார். ஒரே இழுப்பில் கிளம்பியது. இருபது நிமிஷம் கழித்து மறுபடியும் போன்.

நானே ஸ்கூட்டரில் போனேன். மூடியைத் திறந்தேன். 'உஸ்' என்று ஒரு சத்தம் வந்தது. பாவம், என்னைப் பார்த்ததும் பெருமூச்சு விடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். பெட்ரோல் இருந்தது. மூடினேன், இழுத்தேன், ஓடியது. குடும்பமே கை தட்டியது. குடும்பத் தலைவர் என் கையைப் பிடித்து உட்காரவைத்துத் தோசை வார்த்துப் போட்டார். நான்காவது தோசை வாயில் இருக்கும்போது நின்றது. எழுந்து போய்த் திறந்தேன், மூடினேன், இழுத்தேன். ஓடியது. ஒரு மாலைக்குள் இப்படி ஐந்து முறை. குடும்பத் தலைவர் என் ஸ்கூட்டர் சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு சொன்னார்: "நீங்க தொட்டா ஓடுது சார். பேசாம எங்களோட ஊட்டிக்கும் வந்துடுங்க. உங்களுக்குக் கீழ் பெர்த் தர்றோம்."

ஒரு புருவம்

அடுத்தது ஒரு கல்யாண ரிசப்ஷன். திறந்தவெளி மைதானம், மத்தியான வெயில். கேரவனுக்குள் மணப்பெண்ணுக்கு அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. முன்னெச்சரிக்கையாக நான் அதற்கு முந்தின நாளே ஸ்பார்க் பிளக் மாற்றி, கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஏர் பில்டரைத் தட்டி, ஆயில் மாற்றி, மொத்த ஜெனரேட்டரையும் பிரஷ் போட்டுத் துடைத்து வைத்திருந்தேன். பொட்டை மட்டும் தொடவில்லை. சாமிப் பொட்டைத் துடைக்க எந்த மெக்கானிக்குக்கு மனசு வரும்? அதைச் சுற்றிப் பார்த்துப் பார்த்துத் துடைத்தேன்.

ஏசி ஓடி இருபது நிமிஷம். நின்றது. உள்ளே விளக்கும் போனது. கதவு திறந்து அலங்காரக்காரப் பெண் கையில் சின்னத் தூரிகையோடு எட்டிப் பார்த்து முறைத்தாள். நான் திறந்து, மூடி, இழுத்தேன். ஓடியது. இன்னொரு இருபது நிமிஷம். நின்றது. மணப்பெண்ணே கதவருகே வந்து நின்றாள். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த பெண். பாதித் தமிழ், பாதிக் கன்னடம். கோபமே இல்லை, சிரிப்பு. முகத்தில் ஒரு பக்கம் மகாராணி, மறுபக்கம் காலையில் எழுந்த பெண். "அண்ணா, ஒரு புருவம் ஆயித்து. இன்னொரு புருவம் உங்க ஜெனரேட்டர் கையிலதான் இருக்கு. மாப்பிள்ளை எந்தப் பக்கம் உக்காரணும்னு முடிவு பண்ணிச் சொல்லிடுங்க, பரவாயில்ல!"

பாட்டில் பரீட்சை

எனக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. ஜெனரேட்டரைக் கழற்றி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எஞ்சினைச் சோதிக்கும்போது டேங்கைத் தனியாக எடுத்து வைத்துவிடுவோம். ஒரு தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி, ஆணியில் தலைகீழாகத் தொங்கவிட்டு, ட்யூப் போட்டு நேரே கார்புரேட்டருக்குக் கொடுப்போம். பாட்டிலுக்குள் காற்றுப் போக ஊசியைச் சுட்டு மேலே ஒரு ஓட்டையும் போடுவோம். அந்த ஓட்டையை நானே என் கையால் போட்டேன். இதைத் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

ஜெனரேட்டர் மூன்று மணி நேரம் நிற்காமல் ஓடியது. பக்கத்து டீக்கடைக்காரர் வந்து, போதும், காது போகிறது என்று கும்பிட்டார். எஞ்சினில் கோளாறு இல்லை. என் பெட்ரோலில் ஓடுகிறது, வண்டிப் பெட்ரோலில் நிற்கிறது. அப்படியென்றால் வண்டிப் பெட்ரோலில்தான் ஏதோ கலந்திருக்கிறது. அந்தப் பெட்ரோலையே பாட்டிலில் ஊற்றிப் பார்த்திருக்கலாம். அனுபவஸ்தனுக்கு அதெல்லாம் எதற்கு? உடனே மேடத்துக்குப் போன் போட்டு, நீதிபதி தீர்ப்பு வாசிக்கிற குரலில் சொன்னேன். பிறகு மேடம் சொன்னார்: "பெட்ரோல் வாங்கிண்டு வர்றது மாதேஷ்தானே, பழனி?"

அரை டேங்க்

சொல்லிவிட்டேனே தவிர, அது எங்கே போய் முடியும் என்று நான் யோசிக்கவில்லை. மறுநாள் மேடம் வீட்டில் ஜெனரேட்டரைத் திரும்பப் பொருத்தினேன். மேடம் டேங்க் மூடியைத் திறந்து பார்த்தார். பாதிதான் இருந்தது. முழுசாக ஊற்றும்படிதான் எப்போதும் சொல்வாராம். மாதேஷைக் கூப்பிட்டுக் கேட்டார். மாதேஷ் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "நெறைய ஊத்துனா இருவது நிமிசத்துல நின்னு போவுதுங் மேடம். பாதி ஊத்துனா ஒரு மணி நேரம் தாங்குதுங். அதனால பாதியே ஊத்துறனுங்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். சோறு கம்மியாகப் போட்டால் மாடு அதிகமாக உழும் என்கிற மாதிரி இருந்தது. மேடம் சிரிக்கவில்லை. மீதி பெட்ரோல் எங்கே என்று கேட்டார். "கேன்லயே இருக்குதுங். வண்டிக்குள்ள வெச்சா டூரு வர்றவிகளுக்கு வாசனை ஆகறதில்லீங்க. எங்க ஊட்டு ஷெட்டுல வெச்சிருக்கறனுங்." அதைச் சொன்னதும் மேடத்தின் முகம் மாறிய விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. மாதேஷ் முகமும்தான். அவர் போய் அந்தக் கேனை எடுத்துவந்து காட்டினார். ஆனால் ஒரு தடவை விழுந்த சந்தேகம் கேனைக் காட்டினால் போகுமா? மாதேஷ் வெளியே போன பிறகு மேடம் என்னிடம் மெல்லச் சொன்னார்: "ஆறு வருஷமா இருக்கான். வாயால திருடன்னு சொல்ல வரல்லை. மாதேஸ்வரன் மலை டிரிப் ஒண்ணு ஒத்துண்டாச்சு. அது முடிஞ்சதும் சாவியைக் கொடுத்துட்டுப் போகட்டும்."

மலையில் கிடைத்த உதவியாள்

மலைக்குப் போனது எட்டு பெண்கள் கொண்ட பஜனைக் குழு. தலைவி சரோஜா அக்கா. மைக் இல்லாமலே கொள்ளேகால் வரை கேட்கும் குரல். ஆனாலும் மைக், ஸ்பீக்கர், கீபோர்டு எல்லாம் வேண்டும் என்பார். எல்லாவற்றுக்கும் நம் ஜெனரேட்டர்தான். மேடம் என்னையும் கூடவே அனுப்பினார். பெட்ரோலை நானே வாங்கி, நானே என் கையால் டேங்க் ததும்ப ஊற்றினேன். இனி நிற்கட்டும் பார்ப்போம் என்று மாதேஷைப் பார்த்தேன். அவர் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மலையில் வண்டி நிறுத்துகிற இடத்தில் சாயங்காலம் நான்கு மணிக்குப் பாட்டு ஆரம்பமானது. சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. மூன்றாவது பாட்டில், 'மாதப்பா' என்று மலைச்சாமியைக் கூப்பிட்டுச் சரோஜா அக்கா உச்சத்துக்குப் போன நேரம் பார்த்து ஜெனரேட்டர் இழுத்து இழுத்து நின்றது. என் கையால் வாங்கிய பெட்ரோல்! ஓடிப்போய் மூடியைத் திறந்தேன். உஸ். மூடியைப் பக்கத்துக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்துவிட்டு டேங்குக்குள் குனிந்தேன். நிமிர்ந்தால் மூடியைக் காணோம். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குரங்கு அதைக் கையில் வைத்துக்கொண்டு முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. நான் கையை ஓங்க, அது மரத்தில் ஏறிவிட்டது.

எட்டு பெண்களும் ஒரு மலைக் கூட்டமும் என்னையே பார்க்கிறார்கள். வேறு வழியில்லாமல் டேங்க் வாய்க்குச் சுத்தமான துணி ஒன்றைக் கட்டிவிட்டு இழுத்தேன். (இது செய்யவே கூடாத வேலை. யாரும் செய்யாதீர்கள். யாரும் பீடியோடு பக்கத்தில் வரக்கூடாது என்று நான் அங்கேயே காவல் நின்றேன்.) ஓடியது. இருபது நிமிஷம் ஆனது, நிற்கவில்லை. ஒரு மணி நேரம் ஆனது, நிற்கவில்லை. மங்களம் பாடி, ஆரத்தி காட்டி, சுண்டல் கொடுத்து முடிகிறவரை சும்மா ராஜா மாதிரி ஓடியது. இதற்குள் மாதேஷ் ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் காட்டிக் குரங்கிடமிருந்து மூடியைத் திரும்ப வாங்கியிருந்தார். சரோஜா அக்கா சுண்டலை என் கையில் வைத்து, நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இத்தனை நாள் நீங்க பாத்து ஓடாததை அது ஒரே கையில ஓட வெச்சிடுச்சு. அந்தக் குரங்கையே உங்க ஒர்க்‌ஷாப்புல சேத்துக்குங்க, பழனி அண்ணா."

மூடியின் நெற்றி

எல்லாரும் சாமி பார்க்கப் போன பிறகு, துணியை எடுத்துவிட்டு மூடியைப் போட்டு ஓட்டிப் பார்த்தேன். இருபது நிமிஷம். நின்றது. மூடியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். அழகான, கெட்டியான, இரண்டு மாத வெயிலுக்கும் அசையாத சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம். நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. குண்டூசியால் நெம்பினேன். பொட்டு சில்லாகப் பெயர்ந்து விழுந்தது. அதற்கு அடியில், மூடியின் நட்டநடுவில், ஊசி முனை அளவுக்கு ஒரு துளை.

சக பாவிகளே, உங்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் கொஞ்சம் ஊற்றிவிட்டு நின்றுவிடும். இன்னொரு ஓட்டை போட்டால்தான் காற்று உள்ளே போய் எண்ணெய் இறங்கும். டேங்கில் அந்த இன்னொரு ஓட்டைதான் மூடியில் இருக்கிற துளை. அதை நான் கோந்து போட்ட சந்தனத்தால், அழுத்தி, கைராசியோடு அடைத்திருக்கிறேன். மூடியைத் திறக்கும்போதெல்லாம் காற்று 'உஸ்' என்று உள்ளே போய், இன்னும் இருபது நிமிஷத்துக்கு வழிசெய்திருக்கிறது. நான் தொட்டதால் ஓடவில்லை. நான் தொட்டதால்தான் நின்றது!

வெட்கத்தில் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த நிமிஷத்தில் எனக்கு முதலில் தோன்றியது நல்ல புத்தி இல்லை. துளை திறந்துவிட்டது. இனி நிற்காது. வாயை மூடிக்கொண்டு இருந்தால், பழனிச்சாமி கடைசியில் சரிசெய்துவிட்டார் என்று ஊர் சொல்லும். மாதேஷ் போய்விடுவார். அவர் போனதும் ஜெனரேட்டர் ஒழுங்காக ஓடினால், பெட்ரோலில் கலந்தது அவர்தான் என்று தீர்மானமே ஆகிவிடும். மாதேஷ் கோயிலிலிருந்து திரும்பி வந்து, என்ன ஆயிற்று என்று கேட்டார். பெயர்ந்த பொட்டைப் பையில் மறைத்துக்கொண்டு, மூடியை மாட்டிவிட்டு, சரியாகிவிட்டது என்றேன். மாதேஷின் முகமெல்லாம் மலர்ந்தது. "அப்பாடா! மாதப்பா காப்பாத்திட்டாருங்ணா. நீங்க கைராசிக்காரரு, சும்மாவா சொல்றாங்க!"

கொண்டை ஊசி வளைவு

மறுநாள் காலை மலையை விட்டு இறங்கினோம். பின்னால் எட்டு பேரும் தூக்கம். நான் முன் சீட்டில் மாதேஷ் பக்கத்தில். மேடத்தின் முகத்தை வைத்தே மாதேஷுக்குத் தன் வேலை போகப்போவது தெரிந்திருந்தது. ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மூன்று நான்கு வளைவு தாண்டியதும் தானாகவே பேசினார்: "ண்ணா, எனக்கப்புறம் வர்ற டிரைவர்கிட்ட ஒண்ணு சொல்லிப்போடுங். டேங்கை நெப்ப வேண்டாம், பாதி ஊத்தச் சொல்லுங். மேடம் வண்டி வழியில நின்னா எனக்கு மனசு கேக்காதுங்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன். பின்னால் போய் மூடியைக் கழற்றிவந்து மாதேஷ் கையில் கொடுத்து, பொட்டு, கோந்து, துளை, நேற்றுச் சாயங்காலம் நான் மறைத்தது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மாதேஷ் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டவில்லை. "அப்ப நெறைய ஊத்துனா ஏனுங்ணா சீக்கிரம் நின்னுச்சு?" என்றார். ததும்ப ஊற்றினால் டேங்குக்குள் காற்றுக்கு இடமே இல்லை, அதனால் சீக்கிரம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பாதி ஊற்றினால் உள்ளே இருக்கிற காற்று கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும் என்றேன். "அப்ப நாஞ் சொன்ன அரை டேங்க் கணக்கு கரெக்ட்டுங்களா?" நூற்றுக்கு நூறு கரெக்ட் என்றேன். மாதேஷ் இறங்கிப் போய் மூடியை டேங்கில் மாட்டிவிட்டு வந்தார். பிறகு வண்டியைக் கிளப்பினார். அடுத்த வளைவில் எதிரே ஒரு வண்டிகூட இல்லை. ஆனாலும் ஹார்னை அழுத்திய கையை எடுக்கவே இல்லை. பின்னால் எட்டு பேரும் அலறிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். மாதேஷ் கண்ணாடியில் அவர்களைப் பார்த்து, ஒரே நாளில் இரண்டாவது தடவையாகக் கேட்காமலே பதில் சொன்னார்: "ஒண்ணுமில்லீங்க்கா, நாஞ் சொன்னது கரெக்ட்டாமா!"

மேடம் ஊதிப் பார்த்தார்

நேரே மேடம் வீட்டுக்குப் போனோம். நான் மூடியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மாதேஷ் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். மேடம் மூடியை வாங்கி, துளையில் வாயை வைத்து ஊதிப் பார்த்தார். ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சநஞ்சக் குங்குமமும் பறந்து மேடத்தின் மூக்கில் அப்பிக்கொண்டது. சிரிக்கிற நேரமா அது? உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மேடம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "முப்பத்திரண்டு வருஷம் பழனி. காத்தழுத்தம்னா என்னன்னு போர்டுல படம் போட்டுப் போட்டுக் கையே தேஞ்சது. பசங்க பதில் சொல்லலைன்னா பெஞ்சு மேல ஏத்தியிருக்கேன்" என்றார். பிறகு அவரே எழுந்து, செருப்புக்கூடப் போடாமல் வெயிலில் வண்டி வரைக்கும் நடந்து போனார். மாதேஷ் சாவியை நீட்டினார். அது ஒப்படைப்பதற்காக நீட்டியது. மேடம் வாங்கவில்லை. "வையி மாதேஷா. தப்பு எங்க ரெண்டு பேரோடது. சாவியும் உன்கிட்டயே இருக்கட்டும், அந்தப் பெட்ரோல் கேனும் உன் ஆத்து ஷெட்டுலயே இருக்கட்டும்."

மறுபடியும் ஆயுத பூஜை

அதற்கப்புறம் ஒரு வருஷம் அந்த ஜெனரேட்டர் டேங்க் ததும்பத் ததும்ப ஓடியது. அந்த ஒற்றைப் புருவ மணப்பெண்ணை நினைத்து மேடம் கேரவனில் பேட்டரி விளக்கு ஒன்று வைத்தார். ஒரு தடவைகூடத் தேவைப்படவில்லை. விஷயம் மட்டும் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பரப்பியது சரோஜா அக்கா, மைக்கே தேவைப்படவில்லை. இப்போது எந்த வீட்டுக்கு ரிப்பேருக்குப் போனாலும் முதலில் எனக்குக் கை கழுவத் தண்ணீர் கொடுக்கிறார்கள்.

இந்த வருஷமும் ஆயுத பூஜைக்குக் கூப்பிட்டார்கள். போகலாமா என்று யோசித்துவிட்டுப் போனேன். வாழைக்கன்று, மாலை, எலுமிச்சம்பழம் எல்லாம் அதே மாதிரி. மேடம் கிண்ணத்தைக் கொண்டுவந்து, கோந்து இல்லை என்று சத்தியம் செய்தார். நான் பானெட்டுக்கு வைத்தேன், ஸ்டியரிங்குக்கு வைத்தேன், அடுப்புக்கு வைத்தேன். ஜெனரேட்டர் பெட்டியைத் திறந்து குனிந்தபோது, டேங்க் மூடியை ஒரு கை பொத்திக்கொண்டிருந்தது. மாதேஷ். மறு கையால் என் விரலை மெதுவாகப் பிடித்து, பக்கத்தில் இருந்த பெட்டிக் கதவுக்கு நகர்த்திவிட்டுச் சொன்னார்: "கதவுக்கு எத்தனை வேணும்னாலும் வெச்சுக்குங்ணா. இது மூச்சு உடோணும்."

ஆகவே சக பாவிகளே, ஓடிக்கொண்டிருந்த எதுவும் திடீரென்று நின்றுவிட்டால், பெட்ரோலையும் டிரைவரையும் சந்தேகப்படுவதற்கு முன்னால், அதைக் கடைசியாக அன்போடு தொட்டது யார் என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்; அநேகமாக அது நீங்களாகத்தான் இருக்கும்.